ஆள் ஏறினால்

பிரீனா வரைந்த ஒன்று முதன்முதலாக மண்ணில் எழும்பப்போகிறது என்ற நிலை வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் சென்னையில், யாரோ யோசித்த இயந்திரங்களுக்கு மூடியும் தாங்கியும் வரைந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு அருமனைக்குத் திரும்பி, நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம், பின்பக்கம் பட்டறை. முந்திரி ஆலைக்கும் ஐஸ் பிளான்ட்டுக்கும் செங்கல் சூளைக்கும் என்ன வேண்டுமோ அதை யோசித்துச் செய்துகொடுப்பதுதான் வேலை. உரிமையாளர் அனில்குமார் மஸ்கட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவரும் பிரீனாவும் தவிர இரண்டு பேர். குளச்சல்காரன் ரிஜ்வான், அவளைப் போலவே இன்ஜினியர். பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் டைட்டஸ்.

குலசேகரத்துக்கு மேலே மலையில் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் மேனேஜர் முருகதாஸ் இவர்களைத் தேடி வந்தார். எஸ்டேட்டின் பாதி, ஒரு பெரிய ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. முந்தின மழையில் அங்கே போகிற ஜீப் பாதை மலைச்சரிவோடு இறங்கிப் போய்விட்டது. மரத்தில் வெட்டி எடுத்த ரப்பர் பாலைக் கேன்களில் நிறைத்துத் தலையில் சுமந்து சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஷெட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பால் உறைந்துவிடுகிறது. பாலைப் பள்ளம் தாண்டிக் கொண்டுவர ஒரு வழி வேண்டும், அடுத்த மழைக்கு முன்னால் வேண்டும் என்றார்.

யோசனைகளை எப்படி எடுப்பது என்பதற்கு ரிஜ்வான் ஒரு முறை வைத்திருந்தான். பூனாவில் வேலை பார்த்த இடத்தில் கற்றது. முதலில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு தாளில் தோன்றுவதை வரைந்து பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். அவர் அதன்மேல் தன் யோசனையைச் சேர்ப்பார். முதலில் பேசுகிறவன் பின்னாலேயே எல்லோரும் போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பிறகு எதையெல்லாம் வைத்து மதிப்பிடுவது, எதற்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்துவிட்டுத்தான் மார்க் போட வேண்டும். மார்க் விழுந்த பிறகு எடையைத் தொடக் கூடாது. அது அவனுடைய ஒரே பிடிவாதம்.

அன்று மேசை முழுக்கத் தாள். பைப் போட்டுப் பாலை இறக்கலாம் என்பது ஒன்று. பால் பைப்புக்குள்ளேயே உறைந்துவிடும் என்று டைட்டஸ் உடனே அதை ஒதுக்கினார். கடைசியில் இரண்டு யோசனைகள் மிஞ்சின. ஒன்று ரிஜ்வானுடையது. சரிவோடு ஒட்டித் தண்டவாளம் போட்டு, ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் வைத்து, கம்பிக்கயிற்றைச் சுருட்டும் விஞ்ச் இழுக்கிற வண்டி. மண்வேலை அதிகம், மெதுவாகப் போகும். மற்றொன்று பிரீனாவுடையது. பள்ளத்தின் இருபக்கமும் இரும்பு டவர் நிறுத்தி, நடுவே கம்பிவடம் கட்டி, அதில் தொங்கிப்போகும் டிராலி. அந்தக் கரை மேடு, இந்தக் கரை தாழ்வு என்பதால் பாரம் தானே இறங்கும். இன்னொரு வடம் அதைப் பிடித்து மெதுவாக விட்டால் போதும். அவள் அதை அழகாக வரைந்திருந்தாள். தாளைப் பார்த்ததும் அனில்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பலகையில் கட்டம் போட்டார்கள். செலவு, வேகம், மழையில் ஓடுமா, பழுது பார்க்க எளிதா. எல்லாவற்றின் கீழேயும் ரிஜ்வான் இன்னொரு வரி எழுதினான்: 'ஆள் ஏறினால்'. அதற்கு எல்லாவற்றையும்விட அதிக எடை போட்டான். அவன் எழுதும்போது யாரும் மறுக்கவில்லை. மார்க் கூட்டிப் பார்த்தபோதுதான் அந்த ஒரு வரியால் தண்டவாளம் மேலேயும் வடம் கீழேயும் போனது தெரிந்தது.

அனில்குமார் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்மகிட்ட கேட்டது பால் கொண்டுவாறதுக்கு. கேக்காத கேள்விக்கு என்னத்துக்கு மார்க் போடணும்?"

பாதை இல்லாத இடத்தில் ஒரு வண்டி போனால் ஆள் ஏறாமல் இருக்கமாட்டார்கள் என்றான் ரிஜ்வான். போர்டு வைத்துவிடலாம் என்றார் அவர். பிறகு பிரீனாவின் பக்கம் திரும்பி, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

ரிஜ்வான் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியும். தாளில் இருந்த தன் டவர்களையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முன் முடிக்க முடிவதும் அதுதான் என்று மனதுக்குள் ஒரு காரணம் ஓடியது.

"தந்த வேலையில ஆள் இல்லல்லா சார்" என்றாள்.

ரிஜ்வான் சண்டை போடவில்லை. எழுந்துபோய் அந்த வரியைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, மார்க்கைத் திரும்பக் கூட்டினான். வடம் ஜெயித்தது. அன்று மாலை டைட்டஸ் எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கி வந்தார்.

வேலை நன்றாக நடந்தது. ரிஜ்வான்தான் விஞ்ச்சுக்கும் மோட்டாருக்கும் கணக்குப் போட்டான். தன் யோசனை தோற்றது என்று கொஞ்சமும் காட்டிக்கொள்ளவில்லை. டவர் ஏறியது, வடம் ஏறியது, மணல்மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். முருகதாஸ் பூசணிக்காய் உடைத்தார். 'ஆட்கள் ஏறக் கூடாது' என்று சிவப்பில் எழுதிய போர்டு இரண்டு டவரிலும் தொங்கியது. பச்சை பெயின்ட் அடித்த டிராலி முதல் கேன்களோடு பள்ளத்தைத் தாண்டி வந்தபோது பிரீனா அதைப் போனில் படம் பிடித்தாள். பால் உறையாமல் வந்துசேர்ந்தது. வீட்டில் அப்பாவுக்கு அந்தப் படத்தைக் காட்டினாள். பேச்சு சரியாக வராத அவர், விரலால் திரையை மறுபடி மறுபடி தொட்டார்.

மழை பிடித்த பிறகு சர்வீஸ் பார்ப்பதற்காக அவள் தனியாகப் போனாள். கீழ்டவரில் விஞ்ச் ஓட்டுவது பெனிஷ் என்ற எஸ்டேட் ஆள். டிராலியைச் சோதிக்கும்போது தரையில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருப்பதைக் கண்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவே குழிந்திருந்தது. பக்கக் கம்பியில், கைபிடிக்கிற உயரத்தில், பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. கேனுக்குக் கை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேலே பள்ளத்தின் அந்தக் கரை மூடுபனியில் தெரியவில்லை. அங்கிருந்து கம்பியில் கட்டிய மணி கேட்டது. இரண்டு தட்டு. பெனிஷ் விஞ்ச்சின் வேகத்தைக் குறைத்தான். ஏன் குறைக்கிறாய் என்று அவள் கேட்டாள். அவன் மறைக்க நினைக்கவில்லை. மறைக்க ஏதோ இருக்கிறதென்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"ஒரு தட்டுன்னா பால். ரெண்டு தட்டுன்னா ஆளு. ஆளுக்குப் பைய விடணும்."

பனிக்குள்ளிருந்து டிராலி வந்தது. உள்ளே இரண்டு பெண்கள், கேன்களுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு. அதில் மூத்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும், பெயர் ஜெயபாய், அந்தப் பக்கம் பால் வெட்டுகிறவள். இறங்கியதும் பிரீனாவைப் பார்த்துச் சிரித்து, இதை வரைந்தது நீதானா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பு சுற்றி நடந்து வீடு போய்ச் சேரும்போது மத்தியானம் கழிந்துவிடும், இப்போது காலைக் கஞ்சியை வீட்டில் குடிக்கிறேன் என்றாள். பிரீனா அவளிடம் இதில் ஏறக் கூடாது என்று சொன்னாள். ஜெயபாய் தலையாட்டினாள், மழையில் குடை எடுத்துப் போ என்று சொன்னால் தலையாட்டுவதைப் போல.

முருகதாஸிடம் சொன்னாள். போர்டு தொங்குகிறதே, அதற்குமேல் நான் என்ன செய்ய என்றார். அனில்குமாரிடம் சொன்னாள். ஒப்படைத்தாகிவிட்டது, ஆள் ஏறக் கூடாதென்று கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது என்றார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் காதில் அந்த இரண்டு தட்டு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் அது நடந்தது. நல்ல மழை. இழுக்கிற வடத்தில் நாள்தோறும் சிந்திய பால் வழவழவென்று படிந்திருந்தது. டிராலியில் கேன்களோடு ஜெயபாயும் இன்னொருவரும். பள்ளத்தின் பாதியில், டிராலியை அந்த வடத்தோடு பிடித்திருந்த கிளாம்ப் வழுக்கியது. டிராலி கீழ்டவரை நோக்கித் தானாக ஓடிவந்து, அங்கே கட்டியிருந்த டயர்களில் மோதியது. கூட இருந்தவர் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். ஜெயபாய் வெளியே தெறித்து விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது.

பிரீனா தன் கணக்கை எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கேன்களின் பாரத்துக்கு அந்தக் கிளாம்ப் தாராளமாகப் போதும். எங்கேயாவது ஒரு பிழை கிடைக்காதா என்று தேடினாள். கிடைத்தால் திருத்திவிடலாம். பிழையே இல்லை.

குலசேகரத்தில் ஆஸ்பத்திரியில் ஜெயபாய் படுத்திருந்தாள். சரிவில் வழுக்கி விழுந்ததாக அவள் வாயாலேயே டாக்டரிடம் சொல்லியிருந்தாள். முருகதாஸ் அப்படிச் சொல்லச் சொன்னாரா என்று பிரீனா கேட்டாள். சொன்னார்தான், ஆனால் சொல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றாள் ஜெயபாய். பிறகு தலையைத் திருப்பி, மகளைக் கூப்பிடுவதுபோல மெதுவாகப் பேசினாள்.

"அதை நிறுத்திப்போடாத மக்களே. எனக்க மருமவளும் அதுலதான் வாறா. பிள்ளைக்குப் பால் குடுக்க அவளுக்கு நேரத்துக்கு வரணும்."

பிரீனாவுக்கு, அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் அவள் அனில்குமாரின் அறைக்குப் போய், டிராலிக்கு ஒரு பிரேக் வைக்க வேண்டும் என்றாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஜெயபாயின் செலவுக்கென்று யாருக்கும் தெரியாமல் ஏதோ கொடுத்தனுப்பியிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

"இப்ப பிரேக் வச்சா என்ன அர்த்தம்? ஆள் ஏறும்ன்னு நமக்குத் தெரியும்ன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. புரியுதா? வைக்காம இருக்கற வரைதான் நாம பாலுக்குச் செய்தவங்க."

அவள் வெளியே வந்து ரிஜ்வானிடம் இதைச் சொன்னாள். 'நான் அன்றே சொன்னேன்' என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள். அவன் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். வாய் திறக்காமல் வரை என்பதுபோல.

பல தாள் மாறி மாறிப் போன பிறகு ஒன்று தேறியது. டிராலிக்கு மேலே, தாங்குகிற வடத்தை அணைத்தபடி ஒரு இரும்புப் பெட்டி. இழுக்கிற வடம் டிராலியைப் பிடித்திருக்கும்வரை பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். பிடி விட்டால் ஸ்பிரிங் தெறித்து, இரண்டு ஆப்புகள் மேல்வடத்தைக் கவ்விக்கொள்ளும். டிராலி நின்ற இடத்தில் நிற்கும். ஆப்புகளை டைட்டஸ் ஐஸ் பிளான்ட் வேலைக்கு நடுவே செய்துகொடுத்தார். "சாரிட்ட நான் சொல்லல்ல, நீயும் சொல்லாத" என்று மட்டும் சொன்னார்.

முருகதாஸ் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்: இது பற்றி எங்கேயும் ஒரு எழுத்து இருக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபத்துக்குப் போகாமல் பிரீனாவும், அவளோடு ரிஜ்வானும் டைட்டஸும் போய் அதைப் பொருத்தினார்கள். மணல்மூட்டை ஏற்றி, பாதிப் பள்ளத்தில் கிளாம்பை வேண்டுமென்றே விடுவித்தார்கள். டிராலி ஒரு சாண் ஓடியது. டக்கென்ற சத்தம். நின்றது, பள்ளத்துக்கு மேலே அசையாமல். பெனிஷ் கைதட்டினான். பிரீனா கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்தமுறை அவளும் ரிஜ்வானும் மேலே போனபோது டிராலிக்குள் இரண்டு பக்கமும் பலகை அடித்து பெஞ்சு போட்டிருந்தது. 'ஆட்கள் ஏறக் கூடாது' போர்டைக் காணோம். மணி இப்போது மூன்று தட்டு தட்டியது. அது பிள்ளைகளுக்கு என்றான் பெனிஷ். அந்தக் கரைக் குடியிருப்பிலிருந்து யூனிபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஒரு பெண் குழந்தை பெட்டியை அண்ணாந்து காட்டி, அது பிடித்துக்கொள்ளும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது.

முருகதாஸுக்கு இவர்களுடைய முகம் ஏன் இப்படி இருக்கிறதென்று விளங்கவில்லை. "பிரேக்தான் வச்சாச்சுல்லா" என்றார்.

திரும்பி நடக்கும்போது ரிஜ்வான் சொன்னான். "வச்சது பிரேக் மட்டும்தான், பிரீனா. டவரை நாம மாத்தல்ல. வடத்தையும் மாத்தல்ல. ரெண்டும் பாலுக்குப் போட்ட கணக்கு."

அவள் அலுவலகத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கெஞ்சினாள். ரிஜ்வானும் டைட்டஸும் அவளும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அழித்த வரியை முதல் வரியாக எழுதி, வெற்றுத் தாளிலிருந்து யோசித்தார்கள். நல்ல யோசனை ஒன்று வந்தது. ரிஜ்வானின் தண்டவாளமும் இல்லை, அவளுடைய வடமும் இல்லை, இரண்டிலிருந்தும் பிறந்த வேறொன்று. அனில்குமார் அதை நின்றபடியே பார்த்தார். ஓடிக்கொண்டிருப்பதை இறக்கிவிட்டு இதை ஏற்ற முருகதாஸ் எதற்காகச் சம்மதிப்பார் என்று கேட்டார். பெட்டி பொருத்திய விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. மேலே வேறு எஸ்டேட்காரர்கள் அதே மாதிரி வேண்டும் என்று வந்தபோது மட்டும், இனி வடத்துச் சோலியே நமக்கு வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பிரீனாவுக்கு அது அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இன்னொன்று எழும்பாதல்லவா.

ஜெயபாய் கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினாள். பால் வெட்ட இனி முடியாது. மருமகளை இன்னும் நேரத்துக்கு வீடு சேர்க்கிறது என்று டிராலியைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் துலாமழை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு பிரீனா மார்த்தாண்டத்திலிருந்து அருமனை பஸ்ஸில் ஏறினாள். மேம்பாலத்துக்குக் கீழே வழக்கம்போல வண்டி எதுவும் நகரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவள், பக்கத்தில் நின்ற லாரியின் மேல் அதைக் கண்டாள். பச்சை பெயின்ட் அடித்த டிராலி. அவள் வரைந்த அதே வளைவு, அதே கப்பி. உள்ளே இருபுறமும் பெஞ்சு, செய்யும்போதே சேர்த்துப் பற்றவைத்தது. மேலே அந்தப் பெட்டி.

நடத்துனர் ஏதோ கேட்டதைக் காதில் வாங்காமல் இறங்கினாள். லாரியின் பின்பக்கக் கொக்கியில் கால் வைத்து ஏறினாள். யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டுபோய், படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். பெட்டியின் நீளமும் அகலமும் சரியாக இருந்தன. மூடியின் நான்கு போல்ட்டும் இடம் மாறாமல் இருந்தன. வடம் நுழைகிற இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். ஆப்பு தட்டுப்படவில்லை. கையை இன்னும் உள்ளே நுழைத்தாள். ஸ்பிரிங் இல்லை. ஒன்றும் இல்லை. படத்தில் தெரிந்ததை மட்டும் செய்திருந்தார்கள்.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, இறங்கும்படி சத்தம் போட்டார். அவள் முன்பக்கம் ஓடி, இது எங்கே போகிறது என்று கேட்டாள். மேலே ஒரு எஸ்டேட்டுக்கு என்றார். செய்தது யார் என்றதற்குப் பட்டறைக்காரன் ஒருவனுடைய பெயரைச் சொன்னார். அவள் கேள்விப்படாத பெயர். இதைக் கட்டக் கூடாது, உள்ளே பிரேக் இல்லை, வெறும் பெட்டி என்று அவள் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எஸ்டேட்காரரிடம் போய்ச் சொல்லிக்கொள், நான் இறக்கிவைக்கிறவன் என்றார்.

முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னாலிருந்து ஹாரன் கிளம்பியது. பிரீனா லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து, மருந்துப் பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் வாறேன்."

டிரைவர் மறுக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு கியரைப் போட்டார். ஆற்றுப்பாலத்தைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பும்போது மழை வலுத்தது. அவள் ரிஜ்வானை அழைத்து நடந்ததைச் சொன்னாள். பைக்கை எடுத்துக்கொண்டு இப்போதே புறப்படுகிறேன் என்றான் அவன். போனை வைத்ததும் டிரைவர் வைப்பரைத் தட்டிவிட்டபடி சொன்னார்.

"இத ஒண்ண நிறுத்தி என்ன செய்யப் போற பிள்ள? இதுக்கு முன்ன ரெண்டெண்ணம் போயாச்சு."

எங்கே என்று அவள் கேட்டாள். அது வேறு வண்டியில் போனது, இடம் தெரியாது, ஆனால் ஏற்றிவிட்டார்கள், போன வாரமே ஓடத் தொடங்கியாயிற்று என்றார். கண்ணாடிக்கு வெளியே மலை முழுக்க மூடியிருந்தது. எந்தப் பள்ளத்துக்கு மேலே எது தொங்குகிறது என்று ஒன்றும் தெரியவில்லை.